மொயில்வ்ரே கடலோர மரபு மையம்: போகும் முன் கேட்கப்படும் கேள்விகள்

வட வேல்ஸை ஒட்டிய ஆங்கிள்சி தீவின் கிழக்குக் கரையில் மொயில்வ்ரே என்றொரு சிற்றூர். ஒரு காலத்தில் ஹெர்ரிங் மீன்பிடிப்புக்குப் பெயர்போன இடம். வளைந்த கூழாங்கல் கரை, அதன் மேல் வரிசையாகச் சில வெள்ளை வீடுகள், ஊரின் ஓரத்தில் கடலைப் பார்த்தபடி சின்னதாக ஒரு மரபு மையம். மையத்துக்கு வேல்ஸ் மொழியில் 'க்வில்வான் மொயில்வ்ரே' என்று பெயர். காவல் பார்க்கும் இடம் என்று பொருள். ஸ்னோடன் மலைக்கும் கோட்டைகளுக்கும் போய் வருகிறவர்கள் இந்த ஊரைத் தவறவிட்டுவிடுகிறார்கள். நான் போய் வந்த கதையைச் சொன்ன பிறகு உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

ஊர்ப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

'மொயில்வ்ரே'. வேல்ஸ் மொழியில் ஒற்றை எஃப் எழுத்துக்கு 'வ' ஒலிதான். எழுத்தைப் பார்த்து 'மோல்ஃப்ரே' என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் லேசான புன்னகை தெரியும், அவ்வளவுதான். மொட்டைக் குன்று என்பது பெயரின் பொருள். பக்கத்து ஊரான லானால்கோவின் பெயரைச் சொல்வதுதான் சோதனை. அதில் இரண்டு முறை வரும் இரட்டை எல்லுக்குத் தமிழில் எழுத்து கிடையாது. 'ல்' சொல்வதுபோல் நாக்கை வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் ஊதிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். 'ழ' சொல்லத் தெரியாதவர்களைக் கேலி செய்து வளர்ந்த எனக்கு இது நல்ல பாடமாக அமைந்தது.

ஊரில் வேல்ஸ் மொழி தினசரிப் பேச்சு மொழி. காட்சிப் பொருளாக யாரும் பேசிக் காட்டவில்லை. காலை வணக்கத்துக்கு 'போரே தா' சொன்னால் மகிழ்ச்சியடைவார்கள்.

எப்படிப் போவது?

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஹோலிஹெட் போகும் ரயில் தடத்தில் பாங்கர் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து மெனை நீரிணையைக் கடந்து தீவுக்குள் பஸ் போகிறது. ஞாயிற்றுக்கிழமையிலும் குளிர்காலத்திலும் பஸ்ஸை நம்பிப் போவதென்றால், திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கார் இருந்தால் பாங்கரிலிருந்து அரை மணி நேரம் போதும். கோடை விடுமுறையில் ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சிரமம், காலையிலேயே போய்விடுவது நல்லது.

கட்டணம் உண்டா? எப்போதும் திறந்திருக்குமா?

நுழைவுக் கட்டணம் கிடையாது. பிரிட்டன், அயர்லாந்து கடற்கரைகளில் உயிர்காப்புப் படகுகளை இயக்கும் அரச தேசிய உயிர்காப்புப் படகுக் கழகத்தின் மையம் இது. 1824இல் தொடங்கிய அந்த அமைப்பு இன்றும் நன்கொடையில்தான் நடக்கிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். வாசலில் உண்டியல் இருக்கும், மனம்போல் போடலாம்.

நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் குறிப்பாக. பூட்டியிருந்தாலும் பயணம் வீண் என்று நினைக்க வேண்டாம். இந்த மையம் சொல்லும் கதையின் பாதிக்கு மேல் வெளியேதான் இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

பெரிய அருங்காட்சியகம் என்று எண்ணிப் போனால் ஏமாற்றம்தான். வேகமாக நடப்பவர் கால் மணி நேரத்தில் சுற்றிவிடுவார். உடைந்த கப்பல்களின் கதைகள், படகுக் குழுவினரின் கதைகள், ஒரு சிறிய கடை, இவற்றுக்கு நடுவில் ஓர் உண்மையான உயிர்காப்புப் படகு.

அந்தப் படகின் முன் நிதானமாக நில்லுங்கள். 'பேர்ட்ஸ் ஐ' என்று பெயர். ஆமாம், உறைபனிப் பட்டாணி விற்கும் அதே நிறுவனத்தின் பெயர்தான். 1970 முதல் இருபது ஆண்டுகள் மேற்கு வேல்ஸின் நியூ கீ துறையில் பணி செய்த படகு. நீளம் 37 அடி, மரத்தால் ஆனது, ஓக்லி வகை. கடலில் இறங்கியதும் இந்த வகைப் படகின் அடித்தொட்டியில் ஒன்றரை டன் கடல்நீர் ஏறிக்கொள்ளும். அந்தச் சுமைதான் படகை ஆடாமல் நிறுத்துகிறது. அலை புரட்டிப் போட்டுவிட்டால் அதே தண்ணீர் ஒரு பக்கத் தொட்டிக்குப் பாய்ந்து, எடை ஒரு புறமாகச் சாய, படகு தானே உருண்டு நிமிர்ந்துவிடும். ஆறு விநாடி போதும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. கவிழ்க்க வந்த தண்ணீரின் எடையைக் கொண்டே நிமிரும் வித்தை. நம் ஊர்த் தலையாட்டி பொம்மையைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இதையும் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

பக்கவாட்டில் நின்று பார்த்தால் படகு பெரியதாகத்தான் தெரியும். இதில் ஏறிக்கொண்டு, மூன்று மாடி உயர அலைக்குள் இருக்கும் கப்பலை நோக்கிப் போக வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் சின்னதாகிவிடும்.

திரும்பிய பக்கமெல்லாம் 'ராயல் சார்ட்டர்' என்றிருக்கிறதே, அது என்ன?

இந்த ஊரின் பெயர் உலகுக்குத் தெரிய வந்ததே அந்தக் கப்பலால்தான்.

இரும்பு உடல், பாய்மரம், துணைக்கு நீராவி எஞ்சின். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னுக்கும் லிவர்பூலுக்கும் இடையே அறுபது நாளுக்குள் ஓடக்கூடியது என்பது அந்தக் காலத்தில் பெரிய பெருமை. 1859 ஆகஸ்ட் மாதக் கடைசியில் மெல்பர்னிலிருந்து கிளம்பியது. பயணிகளில் பலர் ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் உழைத்துச் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். உலகத்தைப் பாதி சுற்றி வந்த கப்பலுக்கு, அக்டோபர் 25ஆம் தேதி மாலையில், லிவர்பூலுக்கு இன்னும் ஒரு இரவுப் பயணம்தான் பாக்கி.

அன்றிரவு புயல் வந்தது. காற்றை எதிர்த்து முன்னேற முடியாமல் கப்பல் நங்கூரம் பாய்ச்சி நின்றது. நள்ளிரவுக்குப் பின் ஒரு நங்கூரச் சங்கிலி அறுந்தது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து மற்றொன்று. காற்றின் பிடியைக் குறைக்கப் பாய்மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினார்கள். எதுவும் உதவவில்லை. கப்பல் முதலில் மணலில் தட்டி நின்றது. விடியலில் நீர் ஏற ஏற, அங்கிருந்து கிளப்பப்பட்டு மொயில்வ்ரேக்குச் சற்று வடக்கே பாறையில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் ஏறக்குறைய நாற்பது பேர். அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண்ணோ ஒரு குழந்தையோ தப்பவில்லை. பயணிகளின் முழுப் பட்டியலும் கப்பலோடு போய்விட்டதால் சரியான எண்ணிக்கை இன்றுவரை கிடையாது.

கரைக்கு அவ்வளவு அருகில் வந்துவிட்ட பிறகும் ஏன் காப்பாற்ற முடியவில்லை?

அந்த இடத்தைப் பார்த்த யாரும் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். கல்லெறி தூரம்தான். கரையில் நிற்பவர்களுக்குக் கப்பலில் இருந்தவர்களின் முகம் தெரிந்திருக்கும்.

புயலில் பிய்யும் கூரையைக் கட்ட விடிகாலையில் மேலே ஏறிய ஊர்க்காரர்கள்தான் கப்பலை முதலில் பார்த்தார்கள். ஊர் திரண்டு ஓடியது. கப்பலில் மால்டா நாட்டு மாலுமி ஒருவர் இருந்தார். பெயர் குசி ருஜியர், ஆங்கிலேயர்களின் பதிவில் ஜோசப் ராஜர்ஸ். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்தார். அலை இழுத்துப் போகாமல், மொயில்வ்ரே ஆண்கள் 28 பேர் கைகோத்துச் சங்கிலியாகத் தண்ணீருக்குள் இறங்கி அவரைப் பிடித்து இழுத்தார்கள். அந்தக் கயிற்றைக் கொண்டு கப்பலுக்கும் பாறைக்கும் இடையே வடம் கட்டி, தொங்கு நாற்காலியில் ஒவ்வொருவராகக் கொண்டுவரத் தொடங்கினார்கள். அதற்குள் கப்பல் இரண்டாகப் பிளந்துவிட்டது. விழுந்தவர்களில் பலர் மூழ்கி இறக்கவில்லை, பாறையில் அறைபட்டு இறந்தார்கள். நீச்சல் தெரிந்திருந்தாலும் பயனில்லாத கடல் அது.

அந்த 28 பேரும் மீனவர்கள், கடலோடிகள், ஊர்த் தொழிலாளிகள். கடலிடம் எத்தனை அடி கடன் வாங்கலாம் என்று தெரிந்தவர்கள். தெரிந்தும் அதற்கு மேல் போனார்கள்.

மற்ற கடற்கரைகளை விட்டுவிட்டு இங்கே மட்டும் ஏன் கப்பல்கள் உடைகின்றன?

என்னைக் கேட்டால் மையத்தைப் பார்க்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இது தெரியாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் சோகக் கதைகளின் வரிசை.

இந்தப் பகுதியில் வழக்கமாக அடிப்பது தென்மேற்குக் காற்று. மொயில்வ்ரே கரையோ கிழக்கும் வடகிழக்கும் பார்த்தது. மேல்காற்று எவ்வளவு வீசினாலும் தீவே சுவராக நின்று மறைத்துக்கொள்ளும். அதனால் லிவர்பூல் போகிற, வருகிற கப்பல்கள் ஒதுங்கி நிற்க வசதியான இடம். ஆனால் காற்று வாடையாகத் திரும்பிவிட்டால் அந்த வசதியே பொறி. முன்னால் திறந்த கடல், பின்னால் பாறை. ஒதுங்கி நின்ற கப்பல் ஓட வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். 1859இல் காற்று கிழக்கிலிருந்து வடகிழக்குக்கும் பிறகு வட-வடகிழக்குக்கும் நகர்ந்தது. கரையில் கடலைப் பார்த்து நிற்கும்போது காற்று முதுகில் படுகிறதா முகத்தில் படுகிறதா என்று கவனியுங்கள். முதுகில் பட்டால் நல்ல நாள்.

இவ்வளவு பெரிய விபத்தால் நன்மை ஏதாவது விளைந்ததா?

ஒன்று விளைந்தது, அதை நாம் ஒவ்வொருவரும் தினமும் காலையில் பார்க்கிறோம். அந்த ஒரே புயலில் பிரிட்டிஷ் கரைகளில் 133 கப்பல்கள் மூழ்கின. அரசின் வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்தவர் ராபர்ட் பிட்ஸ்ராய். இளமையில் டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர். பல இடங்களின் காற்றழுத்தக் கணக்கைத் தந்தி மூலம் ஒரே இடத்தில் சேர்த்தால் புயல் வரும் திசையை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார். 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை போகத் தொடங்கியது. கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றிக் காட்டுவார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பொதுமக்களுக்கான வானிலை முன்னறிவிப்பு நாளிதழில் வந்தது.

தங்கம் இன்னும் கடலுக்குள் இருக்கிறதாமே?

எதிர்பார்த்தேன். தமிழரிடம் இந்தக் கதையைச் சொன்னால் மூன்றாவது நிமிடத்தில் வரும் கேள்வி.

கப்பலின் சரக்கில் மட்டும் மூன்று லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட மதிப்புள்ள தங்கம், அன்றைய விலையில். பயணிகள் தங்கள் உடம்பில் கட்டியிருந்தது தனி. அந்தப் பாரம்தான் சிலரை அடியில் இழுத்தது என்ற பேச்சு அன்றே இருந்தது. சரக்குத் தங்கத்தின் பெரும்பகுதியை முக்குளிப்போர் விரைவிலேயே எடுத்துவிட்டார்கள். மிச்சம் இன்றும் துணுக்கு துணுக்காகக் கிடைக்கிறது. 2012இல் ஒருவருக்குச் சுமார் 97 கிராம் எடையுள்ள தங்கக் கட்டி கிடைத்தது.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். உடைந்த கப்பலின் பொருள் எது கிடைத்தாலும் 28 நாளுக்குள் அதற்கான அரசு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மொயில்வ்ரே குடும்பங்கள் அந்தத் தங்கத்தால் பணக்காரர்களானார்கள் என்றொரு பழைய வதந்தியும் உண்டு. ஊருக்குள் நின்று அதைக் கேட்காதீர்கள். அந்த வீடுகளின் அளவே பதில் சொல்லிவிடும்.

வாசலில் நிற்கும் வெண்கலச் சிலை யாருடையது?

டிக் எவன்ஸ். முழுப் பெயர் ரிச்சர்ட் எவன்ஸ், 1905இல் பிறந்தவர், இந்த ஊரின் உயிர்காப்புப் படகுத் தலைவர். மழைக்கோட்டும் தொப்பியுமாக, சுக்கானைப் பிடித்துக் கடலைப் பார்த்து நிற்கிறார். சிலை 2004இல் திறக்கப்பட்டது.

1959 அக்டோபர் 27. ராயல் சார்ட்டர் உடைந்து சரியாக நூறு ஆண்டும் ஒரு நாளும். ஹிண்ட்லீ என்ற சிறிய சரக்குக் கப்பல் இதே கரையில் ஒதுங்கி நிற்க, இதே போலக் காற்று வடக்கே திரும்பியது. மணிக்கு நூறு மைல் வேகம். எவன்ஸுக்கு அன்று சொந்தப் படகுகூட இல்லை, மாற்றாக வந்திருந்த பழைய படகு. முழுக் குழுவும் வந்து சேரவில்லை, அவரோடு நான்கு பேர். அதில் ஒருவர் உயிர்காப்புப் படகில் அதுவரை ஏறியதே இல்லாதவர். கப்பலின் சுழலும் உந்துவிசிறி தலைக்கு மேலே எழுந்து எழுந்து இறங்க, எவன்ஸ் படகைக் கப்பலின் பக்கவாட்டில் திரும்பத் திரும்பக் கொண்டு நிறுத்தினார். ஒருமுறை அலை படகைத் தூக்கிக் கப்பலின் மேல்தளத்திலேயே போட்டது. அடுத்த அலை கீழே தள்ளியது. எட்டு மாலுமிகளும் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். எட்டுப் பேரும் பிழைத்தார்கள். கப்பல் சிறிது நேரத்தில் பாறையில் உடைந்தது.

அதற்குத் தங்கப் பதக்கம். 1966இல் நாஃப்சிபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பலின் மாலுமிகளைக் காப்பாற்றியதற்கு இரண்டாவது தங்கப் பதக்கம். இந்தக் கழகத்தின் தங்கப் பதக்கம் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்க்காதது.

குழந்தைகளுக்குப் பிடிக்குமா?

படகு பிடிக்கும், கடை பிடிக்கும், கரையில் கல் பொறுக்குவது இரண்டையும்விடப் பிடிக்கும். கப்பல் கதையை எவ்வளவு சொல்வது என்பது உங்கள் பிள்ளையைப் பொறுத்தது. மையத்துக்குப் பக்கத்திலேயே இன்று பணியில் இருக்கும் உயிர்காப்புப் படகு நிலையமும் உண்டு. 2013இல் வந்த 'கிவி' என்ற பெரிய படகு அங்கே சரிவின் மேல் காத்து நிற்கிறது. அழைப்பு வந்தால் அது சறுக்கிக் கடலில் பாய்வதைப் பார்க்கலாம். அதற்காகக் காத்திருப்பது முறையல்ல, யாருக்கோ ஆபத்து வந்தால்தானே அழைப்பு வரும்.

வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

ஊரும் மையமும் சரி. கடலோரப் பாதை மேடு பள்ளமும் படியும் ஈரமுமானது. முதல் தடவை சாதாரணச் செருப்போடு போய், பாதி வழியில் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். நல்ல பிடிமானமுள்ள காலணியும் காற்றுக் கோட்டும் கோடையிலும் வேண்டும்.

சாப்பாடு?

தேநீரும் கேக்கும் வறுத்த மீனும் ஊரில் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போய்விடுவது உத்தமம். கரைச்சுவரில் உட்கார்ந்து சாப்பிட அது பொருத்தமான சோறு, கடற்புறாவிடம் மட்டும் எச்சரிக்கை.

மையத்தைப் பார்த்த பிறகு வேறு என்ன பார்க்க வேண்டும்?

மூன்று இடங்கள், முக்கியத்துவ வரிசையில் சொல்கிறேன்.

முதலில், மையத்தின் வாசலிலிருந்து வடக்கே கடலோரப் பாதையில் நடந்தால் கப்பல் உடைந்த பாறைக்கு மேலே ஒரு நினைவுக்கல். அரை மணி நேர நடை. கடல் அமைதியாக இருக்கும் நாளில் நம்பவே முடியாது.

இரண்டாவது, லானால்கோ தேவாலயம். கரையொதுங்கிய உடல்கள் அங்கேதான் வரிசையாகக் கிடத்தப்பட்டன. பாதிரியார் ஸ்டீபன் ரூஸ் ஹியூஸ் ஒவ்வொன்றாகப் பார்த்து, உடையின் தையல், பச்சைக் குத்து, பையிலிருந்த சாவி என்று அடையாளங்களைக் குறித்துவைத்து, நூற்றுக்கும் மேற்பட்டோரை அடக்கம் செய்தார். உறவினர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். சில வாரங்கள் கழித்து வந்து அவரைச் சந்தித்த சார்லஸ் டிக்கன்ஸ் அவரைப் பற்றி எழுதினார். ஹியூஸ் 1862இல் இறந்துபோனார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவரும் அதே வளாகத்தில்தான் இருக்கிறார். என் பார்வையில் இந்தக் கதையின் நாயகன் கடலில் இறங்காத இந்த மனிதர்தான். காப்பாற்றுவதற்கு யாரும் மிச்சமில்லாத பிறகு தொடங்கிய வேலை அவருடையது.

நேரமிருந்தால் மூன்றாவது, தின் லிகுய். ரோமானியர் காலத்துக் கல்வீடுகளின் அடித்தளம் மரங்களுக்கு நடுவே. பக்கத்தில் 25 டன் மூடுகல்லைத் தாங்கி நிற்கும் புதிய கற்காலக் கல்லறை. இரண்டுக்கும் டிக்கெட் இல்லை.

நினைவாக என்ன வாங்கி வரலாம்?

கரைக் கல்லை அள்ளி வர வேண்டாம், சட்டப்படி தவறு. மையத்தின் கடையில் ஒரு தேநீர்க் கோப்பையோ சமையலறைத் துண்டோ வாங்குங்கள். பணம் படகின் டீசலுக்குப் போகிறது.